தனியாகக் கப்பலில் போகிறீர்களா? ஏஜெண்ட் சொல்லும் 'பாதி தள்ளுபடி'யை நம்பாதீர்கள்

கேள்வி: மூன்று வாரத்தில் கிளம்பும் ஒரு வாரக் கப்பல் பயணத்துக்குத் தனியாகப் போக ஆசை. ஏதென்ஸில் ஏறி, வழியில் துருக்கியின் குஷாதாசியில் நின்று, மறுபடி ஏதென்ஸுக்கே வரும். "தனி ஆளுக்கான கூடுதல் கட்டணத்தில் பாதி தள்ளுபடி, இன்றே பணம் கட்டினால்தான்" என்கிறார் ஏஜெண்ட். என்னிடம் ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய ஷெங்கன் விசா (கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) இருக்கிறது. துருக்கியில் கப்பலைவிட்டு இறங்காவிட்டால் அதுவே போதும் என்கிறார். கட்டலாமா?

பதில்: இன்றைக்குக் கட்ட வேண்டாம். அவர் சொன்ன இரண்டில் ஒன்று பாதி உண்மை, மற்றது முழுத் தவறு.

விளம்பரத்தில் போடும் விலை, ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஒருவராகப் போனால், வராத இரண்டாம் ஆளுக்கும் சேர்த்து உங்களிடம் வாங்குவார்கள். வராதவர் சாப்பாட்டுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு இது ஜீரணமாகவில்லை. தனி ஆளுக்கென்றே கட்டிய சின்ன அறைகளும் உண்டு. 2010-ல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் அப்படி 128 அறைகள் வைத்தார்கள். ஆனால் பொதுவாக அவை குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்தக் கடைசி நேரத்தில் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்பது பொய்யில்லை. மீதிப் பணம் கட்டும் கெடு பெரும்பாலும் 60 முதல் 120 நாள் முன்பே முடிந்துவிடும். பணம் கட்டாதவர்களின் கேபின்கள் திரும்பி வரும்போது, சும்மா கிடப்பதற்குப் பதில் ஒருவரையாவது ஏற்றலாம் என்று கூடுதல் கட்டணத்தைக் குறைப்பார்கள். ஏஜெண்டுகள் விளையாடுவது இந்த இடத்தில்தான்.

ஒருவர் கட்டணம் 100, துறைமுக வரி 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கூடுதல் கட்டணத்தோடு நீங்கள் கட்டுவது 220. வரி தலைக்கு ஒன்றுதான், அதை இரண்டாக வாங்கினால் கேளுங்கள். பாதி தள்ளுபடி என்றால் 170 ஆக வேண்டும், இல்லையா? ஏஜெண்ட் காட்டும் அடிப்படைக் கட்டணமே 130 ஆக ஏறியிருந்தால், பாதி தள்ளுபடிக்குப் பிறகும் 215 வரும். உங்களுக்கு மிச்சம் வெறும் 5. அதனால் 'எத்தனை சதவீதம்' என்று கேட்காதீர்கள். வரி, டிப்ஸ், அவருடைய 'சேவைக் கட்டணம்' எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை என்ன என்று மட்டும் கேளுங்கள். பிறகு அதே தேதியை, ஒரு பயணி என்று போட்டு, கப்பல் நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். ஏஜெண்டுக்குக் கமிஷன் பொதுவாகக் கப்பல் நிறுவனமே கொடுக்கிறது. உங்களிடமும் தனியாக வாங்கினால், எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'இன்றே, இப்போதே, இந்த வங்கிக் கணக்கில்' என்கிறவரிடமிருந்து ஒதுங்கிவிடுங்கள்.

இனி விசா. ஏஜெண்ட் உங்களை மாட்டிவிடப் பார்ப்பது இதில்தான். விமானத்தில் ஏதென்ஸில் இறங்கும்போதே உங்கள் ஒரு நுழைவு தீர்ந்தது. துருக்கி ஷெங்கனில் இல்லை, அதனால் கப்பல் குஷாதாசிக்குப் போனால் நீங்கள் ஷெங்கன் எல்லையைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு. கரையில் கால் வைத்தீர்களா, கேபினிலேயே தூங்கினீர்களா என்பது பேச்சே இல்லை. திரும்பி ஏதென்ஸுக்கு வருவது இரண்டாம் நுழைவு, அதற்கு உங்களிடம் விசா இல்லை. துருக்கிக்கும் ஆவணம் வேண்டியிருக்கும். ஏறும் இடத்திலேயே இதையெல்லாம் பார்ப்பார்கள், குறை இருந்தால் ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது. பயணக் காப்பீடும் பொதுவாக இதற்குக் கை கொடுக்காது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நிற்கும் துறைமுகங்கள் எல்லாமே ஷெங்கனுக்குள் இருந்தால் உங்கள் விசா போதும். கிரீஸ், இத்தாலி, மால்டா என்று சுற்றினால் பிரச்சினையில்லை. குரோஷியாவின் துப்ரோவ்னிக்கும் சரிதான், 2023 முதல் அந்த நாடு ஷெங்கனில் இருக்கிறது. பழைய ஆலோசனைகளை வைத்துக்கொண்டு இன்னும் 'கூடாது' என்கிறவர்கள் உண்டு. ஆனால் அங்கிருந்து கொஞ்ச தூரத்திலுள்ள மாண்டினீக்ரோவின் கோட்டோரில் நின்றால் துருக்கியின் கதைதான், அந்த நாடும் ஷெங்கனில் இல்லை. எனவே 'மத்தியதரைக் கடல் பயணம்' என்ற பெயரை நம்பாமல், துறைமுகப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பலமுறை நுழையும் விசாவுக்கு இப்போது விண்ணப்பிக்கலாமா என்றால், முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, சில நேரம் 45 நாள்வரை இழுக்கலாம். உங்களிடம் இருப்பது 21. அதில் அப்பாயின்ட்மெண்ட் கிடைக்கவே எத்தனை நாள் போகும் என்று எந்த அலுவலகமும் சொல்லாது. கப்பல்காரர் கடைசி நிமிடத்தில் விற்கிறார், விசாக்காரர் நிதானமாக முத்திரை குத்துகிறார். நடுவில் நிற்பது நீங்கள்.

ஏஜெண்டிடம் ஷெங்கனுக்குள்ளேயே சுற்றும் வேறு தேதி கேளுங்கள். கிடைத்தால் கார்டில் கட்டுங்கள். கப்பல் நிறுவனத்தின் முன்பதிவு எண்ணை வாங்கி, அது உங்கள் பெயரைக் காட்டுகிறதா என்று அவர்கள் தளத்தில் சரிபார்த்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள். அதையும் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளே போய்ச் சேரும்படி எடுங்கள்.