நகர அரங்கமா, பத்து காவானா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பினாங்குக் காற்பந்துக் குழு ஜார்ஜ்டவுன் நகர அரங்கத்தை விட்டுப் போகக் கூடாது, அதைப் புதுப்பித்து அங்கேயே ஆட வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். எங்கள் நண்பர்கள் வட்டத்திலும் இதே வாக்குவாதம்தான். ஆட்டம் முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்தால் கோல்களைப் பற்றிப் பேசுவதைவிட அரங்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்.

நான் நிபோங் தெபாலைச் சேர்ந்தவன். அப்பா தோட்டத்தில் வேலை செய்தவர். 2001இல் பினாங்கு லீக் பட்டம் வென்றபோது சிறுவனாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனவன். இன்று நகர அரங்கத்துக்கு வருவதென்றால் வேலை முடிந்த கையோடு கிளம்பி, பாலத்து நெரிசலில் நின்று, கார் நிறுத்த இடம் தேடி அலைந்து, உள்ளே நுழைவதற்குள் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. மழை பெய்தால் கூரையில்லாத படிகளில் நனைய வேண்டியதுதான். என் அம்மாவுக்கும் காற்பந்து பிடிக்கும். ஆனால் அங்குள்ள கழிப்பறையை நினைத்து வருவதையே நிறுத்திவிட்டார்.

பத்து காவான் மாநில அரங்கமோ எங்கள் பக்கத்தில் இருக்கிறது. 40,000 பேர் உட்காரலாம். கார் நிறுத்தக் கவலை இல்லை. பினாங்கு மாநிலத்தில் இன்று தீவைவிடப் பெருநிலத்தில்தான் மக்கள் அதிகம். தீவில் இருப்பவர்களின் பழைய நினைவுகளுக்காக நாங்கள் எத்தனை காலம் பாலம் கடந்து வருவது? வருத்தத்தோடுதான் கேட்கிறேன். பதில் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
நிபோங் தெபால் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் வருத்தம் நியாயமானது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் ஏறத்தாழ 946,000 பேர், தீவில் 794,000 பேர். குழு மாநிலத்தின் பெயரைத் தாங்கி ஆடுகிறது. அப்படியிருக்க, அரங்கத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் தீவிலேயே தொடங்கித் தீவிலேயே முடிந்துவிடுகிறது. என் கட்டுரையிலும் பெருநில ரசிகர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை இப்போது எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகும் நகர அரங்கத்தை விட்டுப் போகக் கூடாது என்றே நினைக்கிறேன். அதற்கு நினைவுகள் காரணம் அல்ல.

நினைவுகளை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுவோம். 2016 பிப்ரவரி 16ஆம் தேதி பஹாங் குழுவுக்கு எதிராக முகமது ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக், காற்றில் ஒரு பக்கம் போவதுபோல் போய் மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது நகர அரங்கத்தில்தான். அடுத்த ஆண்டு ஜனவரியில் சூரிச்சில், ஆண்டின் மிக அழகான கோலுக்கு ஃபிஃபா வழங்கும் புஸ்காஸ் விருது அதற்குக் கிடைத்தது. ஆசியாவிலிருந்து அந்த விருதைப் பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர். நம் ரசிகர்கள் அரங்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசத் தொடங்கினால் முதலில் இந்தக் கோலைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பந்து பத்து காவானில் வளைந்திருந்தாலும் அதே விருதைத்தான் வாங்கியிருக்கும். கோல் ஆட்டக்காரரின் காலில் இருக்கிறது, சுவரில் இல்லை. ஆகவே அதை என் பக்கத்து வாதமாக வைக்க மாட்டேன்.

நான் பார்ப்பது வேறு. குழு நன்றாக ஆடும்போது ரசிகர் எங்கிருந்தாலும் வருவார். பட்டம் வெல்லும் ஆண்டில் லங்காவியில் அரங்கம் கட்டினாலும் கூட்டம் கப்பல் ஏறும். குழு தொடர்ந்து தோற்று, பட்டியலின் கடைசியில் கிடந்து, வாரநாள் இரவில், தூறலில், யாருக்கும் முக்கியமில்லாத ஓர் ஆட்டம் ஆடும்போது வருகிறவர் யார்? பக்கத்தில் இருப்பவர்தான். நடந்து வரக்கூடியவர், மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தில் வந்து சேரக்கூடியவர். அந்தச் சில ஆயிரம் பேர்தான் ஒரு குழுவை அதன் கெட்ட காலத்தில் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

ஆட்டம் இருக்கும் மாலையில் டத்தோ கிராமட் சாலையைப் பார்த்திருப்பீர்கள். தைப்பூச ரதம் போகிற அதே சாலை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பகல் ஷிப்ட் முடித்தவர்கள் கழுத்தில் தொங்கும் வேலை அட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக வந்துவிடுகிறார்கள். கடைவாசல்களில் மோட்டார் சைக்கிள்கள் கைப்பிடியோடு கைப்பிடி உரச நிற்கின்றன. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் கூட்டமாக நடந்து வருகிறார்கள். பெரியவர் எவரும் அவர்களை அழைத்து வரவில்லை. வாகனமும் இல்லை. வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினால் போதும். பத்து காவானுக்கு அந்தப் பையன் எப்படிப் போவான்? அப்பாவுக்கு விடுமுறை கிடைத்து, கார் இருந்து, அவருக்கு மனமும் இருந்தால் போவான். பதினைந்து வயதில் தானாக அரங்கத்துக்குப் போய்ப் பழகாதவன் முப்பது வயதில் டிக்கெட் வாங்குவது அரிது.

உங்கள் ஊரிலும் இப்படிப் பையன்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நகர அரங்கம் எட்டாத தூரம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பத்து காவானும் அவர்கள் நடந்து போகக்கூடிய இடத்தில் இல்லை. நெடுஞ்சாலையில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். தீவிலிருந்து போவதென்றால் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம். 2019 ஜனவரி முதல் மோட்டார் சைக்கிள்களுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு நடுக்கடலில் அடிக்கிற காற்றையும் மழையையும் எந்த வரவு செலவுத் திட்டத்தாலும் ரத்து செய்ய முடியாது. பத்து காவானுக்கு மாறினால் பெருநிலத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு வசதி கூடும். நடந்து வருகிற தீவு ரசிகர்கள் அறவே போய்விடுவார்கள். பெருநிலத்தில் நடந்து வரக்கூடிய ரசிகர்கள் புதிதாக உருவாகப் போவதும் இல்லை.

பத்து காவான் அரங்கம் 2000ஆம் ஆண்டு சுக்மா என்னும் மலேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் திறக்கப்பட்டது. அப்போது சுற்றிலும் பெரும்பாலும் செம்பனைதான். இப்போது தொழிற்பேட்டை இருக்கிறது, ஐக்கியா இருக்கிறது, வீடமைப்புத் திட்டங்கள் வளர்கின்றன. அங்கே யாருமே இல்லை என்று இனியும் சொல்வது பொய். என்றாலும் 40,000 இருக்கைகளுக்கு நடுவே 5,000 பேர் உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். மேளம் அடிக்கிறவனுக்கே தன் மேளச் சத்தம் திரும்பி வராது. எதிரணி பயப்படாது. அதே 5,000 பேர் நகர அரங்கத்தில் ஒரு பக்கத்துப் படிகளில் நெருக்கி நின்றால் எதிரணியின் கோல் கீப்பருக்குப் பந்தை உதைக்கக் கால் தயங்கும்.

பெரிய அரங்கம் என்னும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சிலாங்கூரைப் பாருங்கள். நம் நாட்டிலேயே அதிகமாக, 33 முறை மலேசியக் கிண்ணத்தை வென்ற குழு அது. 1994இல் ஷா ஆலம் அரங்கம் திறக்கப்பட்டபோது அதில் 80,372 இருக்கைகள். அந்த வளைந்த கூரையைக் காணவே அன்று ஆட்கள் போனார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கார் நிறுத்துமிடம். நீங்கள் கேட்கிற வசதிகள் எல்லாமே அங்கே இருந்தன. ஆனால் அவ்வளவு பெரிய கூரையைப் பராமரிக்க வருமானம் வேண்டாமா? ஆண்டுக்குச் சில இரவுகள் மட்டும் நிறைகிற அரங்கம் மற்ற நாட்களில் செலவை மட்டுமே தரும். கட்டடம் பழுதாகிப் பாதுகாப்பில்லை என்று மூடப்பட்டது. குழு பெட்டாலிங் ஜெயாவில் அதைவிட மிகச் சிறிய நகர மன்ற அரங்கத்துக்கு இடம்பெயர்ந்தது. திறந்து முப்பது ஆண்டுகள் ஆன 2024இல் ஷா ஆலம் அரங்கத்தை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதே இடத்தில் கட்டத் திட்டமிட்டிருக்கும் புதிய அரங்கத்துக்குச் சொல்லப்படும் அளவு சுமார் 45,000 இருக்கைகள். முப்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறை ரசிகர்கள் வீடின்றி அலைந்ததுதான் மிச்சம். எனக்கு அதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தின் கதை இன்னொரு வகை. துங்கு அப்துல் ரஹ்மான் 1957 ஆகஸ்ட் 31இல் ஏழு முறை மெர்டேக்கா என்று முழங்கிய இடம். 1980இல் நம் நாடு தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதும் அங்கேதான். ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் தள்ளினார். கோல் கம்பத்துக்குக் கீழே கோல் கீப்பராக ஆர். ஆறுமுகம் நின்றார். நம் வீடுகளில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பிறகு ஆட்டங்கள் ஷா ஆலமுக்கும் புக்கிட் ஜாலிலுக்கும் போயின. மெர்டேக்காவை 1957இல் இருந்த நிலைக்கே மீட்டெடுத்தார்கள். 2008இல் அந்தப் பணி யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதையும் பெற்றது. கட்டடம் பிழைத்தது, அது நல்ல காரியம். ஆனால் சனிக்கிழமை இரவுகளில் அங்கே லீக் ஆட்டம் இல்லை. நகர அரங்கம் அப்படிப் பாதுகாக்கப்படுவதிலும் எனக்கு விருப்பம் இல்லை. ஆட்டம் நடக்க வேண்டும். அதற்காக ஒரு சுவரை இடிக்க வேண்டுமானால் இடிக்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

உங்கள் நண்பர்களும் எல்லாரையும் போல இங்கிலாந்து லீக் பார்ப்பவர்களாகத்தான் இருப்பார்கள். லிவர்பூல் புதிய அரங்கம் கட்டும் திட்டத்தைக் கைவிட்டு, ஆன்ஃபீல்டிலேயே 2016இல் முதன்மை மேடையையும் பிறகு ஆன்ஃபீல்டு ரோடு மேடையையும் எழுப்பி, சுமார் 61,000 இருக்கைகளுக்குக் கொண்டுவந்தது. பெரும்பகுதி வேலை ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே நடந்தது. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் அரங்கத்தைச் சுற்றியிருந்த வீடுகள் பலகை அடிக்கப்பட்டுப் பாழடைந்து கிடந்தன, அக்கம்பக்கத்து மக்கள் பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வெஸ்ட் ஹாம் 2016இல் அப்டன் பார்க்கை விட்டு ஒலிம்பிக் அரங்கத்துக்குப் போனது. பழைய இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. ரசிகர்கள் ஆட்டக்காரர்களிடமிருந்து வெகுதூரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று இன்றும் குறைப்படுகிறார்கள்.

அடுக்குமாடி என்றதும் நான் அஞ்சுவது என்னவென்று உங்களுக்கே புரியும். நகர அரங்கம் மாநகர் மன்றத்தின் சொத்து. குழு அங்கே குடியிருப்பவர்தான். ஜார்ஜ்டவுனின் நடுவே இவ்வளவு பெரிய திறந்தவெளி எவர் கண்ணையும் உறுத்தும். நாமே வேண்டாம் என்று வெளியேறிவிட்டால் அதைக் காற்பந்துக்காக வைத்திருங்கள் என்று பிறகு கேட்க வாய் இருக்காது. இது உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். தோட்டங்களில் லயத்தை ஒட்டி ஒரு திடல் இருந்தது, மாலையானால் பந்து உருண்டது, தோட்டத்துக்கு ஒரு குழு இருந்தது. தோட்டம் விற்கப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போனபோது திடலும் போனது, பின்னாலேயே குழுவும் போனது. அதைவிட நல்ல திடல் நகரத்தில் எங்கோ இருந்தது என்பதால் அந்தக் குழுக்கள் பிழைக்கவில்லை.

அதே தோட்ட மக்கள்தான், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். துண்டாடப்பட இருந்த தோட்டங்களைச் சங்கம் வாங்கியது. காற்பந்து ரசிகர்கள் ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். முழு அரங்கம் வேண்டாம், ஒரு பக்கத்துக் கூரைக்காவது ரசிகர் கூட்டுறவு ஒன்று பங்கு போட்டால், மாநகர் மன்றம் முடிவெடுக்கும் மேசையில் நமக்கு ஓர் இருக்கை கிடைக்கும். இதை இன்னும் விரிவாகத் தனியே எழுத வேண்டும்.

இனி பெருநிலத்துக்கு வருகிறேன். நகர அரங்கத்தில் இருப்போம் என்று சொல்பவர்கள் உங்களை அங்கே கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நிபோங் தெபாலிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் கொம்யூட்டர் ரயில் இருக்கிறது. அங்கிருந்து ஃபெரி. 2023இல் வந்த புதிய ஃபெரிகளில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வரலாம். வருவதில் சிக்கல் இல்லை, திரும்பிப் போவதில்தான் சிக்கல். இரவு ஆட்டம் முடியும்போது மணி பதினொன்றை நெருங்கிவிடும். ஆட்ட நாட்களில் ஃபெரியும் ரயிலும் பிந்தி ஓட வேண்டும், அரங்க வாசலிலிருந்து படகுத்துறைக்குப் பஸ் வேண்டும். இவற்றுக்கு ஆகிற செலவு ஓர் அயல்நாட்டு ஆட்டக்காரரின் சம்பளத்தைவிடப் பெரிதாக இருக்காது என்பது என் கணிப்பு. முத்தியாரா எல்ஆர்டி என்னும் இலகு ரயில் தடம் 2031இல் முடியும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரலிலிருந்து கடலைக் கடந்து ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரம் வரை வரும். கொம்தாரிலிருந்து நகர அரங்கத்துக்கு நடந்தே போகலாம். அந்த ரயில் பத்து காவானுக்குப் போகவில்லை. நாளைய ரயில் வரும் இடத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலைக்கு அருகே குடிபோவது சரியான கணக்காக எனக்குத் தெரியவில்லை.

பத்து காவானைக் கைவிடவும் வேண்டாம். எவர்ட்டன் 2025இல் துறைமுகத்தருகே புதிய அரங்கத்துக்குப் போனபோது, பழைய குடிசன் பார்க்கை இடிக்காமல் மகளிர் குழுவுக்குக் கொடுத்தது. இரண்டு அரங்கம் இருந்தால் இரண்டுக்கும் வேலை கொடுக்க முடியும். இளையோர் குழுக்களின் ஆட்டங்கள் பத்து காவானில் நடக்கட்டும், உங்கள் ஊர்ப் பையன்கள் அங்கே பயிற்சி பெறட்டும். மலேசியக் கிண்ண அரையிறுதி போன்ற பெருங்கூட்டம் வரும் ஆட்டங்களும் அங்கே போகட்டும். அன்று தீவிலிருப்பவர்கள் பாலம் கடந்து வரட்டும்.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தது மனத்தில் தங்கிவிட்டது. மறுசீரமைப்பு என்று பேச்சு எழும்போதெல்லாம் கண்ணாடி முகப்பு, கடைத்தொகுதி, உணவகம் என்று அழகான படங்கள் வருகின்றன. நான் கேட்பது மிகச் சாதாரணமான வரிசை. முதலில் பெண்களுக்குப் போதுமான, சுத்தமான கழிப்பறைகள். அடுத்து, கூரையில்லாத பக்கங்களில் ஒன்றுக்குக் கூரை. பிறகு சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம். ஒரு பருவத்துக்கு ஒரு பக்கம் என்று வேலை செய்தால் குழு ஓர் ஆட்டத்தையும் வெளியே ஆட வேண்டியதில்லை. இதை மாநகர் மன்றத்துக்கு எழுத இருக்கிறேன். தீவிலிருந்து போகும் கடிதத்தைவிடப் பெருநிலத்திலிருந்து போகும் கடிதத்துக்கு இந்த விஷயத்தில் எடை அதிகம், ஏனென்றால் வெளியேற வேண்டும் என்பதற்கு உங்களைத்தான் காரணம் காட்டுவார்கள். உங்கள் நண்பர்கள் வட்டத்தில் எத்தனை பேர் கையெழுத்திடச் சம்மதிப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சம்மதிக்காதவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.