பெர்சிவல் சரணடைந்தது கோழைத்தனமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஏறத்தாழ 85,000 பேரை வைத்துக்கொண்டு 30,000 ஜப்பானியரிடம் சரணடைந்தாரே மலாயாவின் பிரிட்டிஷ் படைத் தளபதி ஜெனரல் பெர்சிவல்! அந்தக் கோழைத்தனத்தால்தானே நம் மலாயா ரப்பர் தோட்டத்து ஜனங்கள், ஜப்பான்காரன் போட்ட சயாம் (தாய்லாந்து) ரயில் பாதைக்குப் போய்ச் செத்தார்கள்?
– வாசகர், சிலிம் ரிவர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதைத் தப்பான நாள்மேல் காட்டுகிறீர்கள். பெர்சிவல் கையெழுத்துப் போட்டது 1942 பிப்ரவரி 15. சிலிம் ரிவர் விழுந்தது ஜனவரி 7, கோலாலம்பூர் 11. மாதக் கடைசியில் படைகள் ஜொகூர் பாலத்தை வெடிவைத்து உடைத்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் ஒதுங்கியபோதே தோட்டங்கள் அத்தனையும் ஜப்பான்காரன் கையில். சிங்கப்பூர் இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்திருந்தாலும், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்), கங்காணிமாரை வைத்தே பெயர் எழுதிச் சயாமுக்கு ஆள் ஏற்றியது நின்றிருக்காது.

சரி, அன்றைக்கு அவர் நிலைமை என்ன? நீர்த்தேக்கங்கள் எதிரி வசம். குண்டுவீச்சில் குழாய்கள் உடைந்து, மிச்சத் தண்ணீரும் வீணாகிக்கொண்டிருந்தது. ஓரிரு நாளில் அதுவும் நின்றுவிடும் என்றார்கள். ஊருக்குள் சுமார் பத்து லட்சம் மக்கள். எதிர்த்துத் தாக்கி நீர்த்தேக்கங்களையும் உணவுக் கிடங்குகளையும் மீட்க முடியுமா என்று தளபதிகளிடம் கேட்டார். சிப்பாய்களுக்குத் தெம்பில்லை என்றார்கள். ஜனங்களைப் பற்றி யோசிக்காமல் கடைசிவரை போரிடுங்கள் என்று உத்தரவிட்ட சர்ச்சில் லண்டனில் இருந்தார். ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தது உண்மைதான், ஆனால் அது வெளியே தெரிந்தது பிற்பாடு. நீங்கள் சொல்லும் 85,000-இல் துப்பாக்கி தூக்காத பிரிவினரும், வந்திறங்கிச் சில வாரங்களே ஆன அரைகுறைப் பயிற்சிக்காரர்களும் அடக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எடுத்தது சரியான முடிவு என்பேன்.

அவரைக் கேட்க வேண்டியது வேறு. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே கெடாவின் ஜித்ராவிலிருந்து பின்வாங்கிக்கொண்டே வந்த 11-ஆவது இந்திய டிவிஷன் பையன்கள் பல நாள் தூக்கமில்லாமல் உங்கள் ஊருக்குப் பக்கத்துத் துரோலாக் சாலையில் நின்றார்கள். அவர்கள் பக்கம் ஒரு டாங்கிகூட இல்லை. பெரிய சாலையை நேராக்கியபோது ரப்பர் மரங்களுக்குள் விடுபட்டுப்போன பழைய வளைவுகள் அங்கே இருந்தன. ஜப்பானிய டாங்கிகள் அவற்றில் புகுந்து சிப்பாய்களைச் சுற்றிக்கொண்டன. அன்று காலையே சிலிம் ஆற்றுப் பாலமும் போயிற்று. அதைத் தகர்க்க வைத்திருந்த வெடிக் கம்பியை ஒரு ஜப்பானிய அதிகாரி வாளால் வெட்டி எறிந்தான். ஓய்வில்லாத ஆட்களை, டாங்கியை நிறுத்தப் போதிய கண்ணிவெடிகூடப் புதைக்காமல் சாலையில் நிறுத்தி வைத்ததற்கு மேலிடம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம், சிங்கப்பூரின் வடகரையில் அரண் கட்டலாம் என்று தலைமைப் பொறியாளர் சிம்சன் மன்றாடினார். மக்களின் மன உறுதி குலையும் என்று மறுத்தவர் இதே பெர்சிவல். டிசம்பர் நடுவில் பினாங்கிலிருந்து ஐரோப்பியர்களை மட்டும் இரவோடிரவாக அழைத்துக்கொண்டு, மற்ற எல்லோரையும் குண்டுகளுக்கு நடுவே விட்டுவிட்டுப் போனது பிரிட்டிஷ் நிர்வாகம். கோழைத்தனம் என்று அதைச் சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து சொல்கிறேன்.