எம்.எஸ். நோயும் பங்குனி வெக்கையும்

கேள்வி: கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். என் தங்கச்சிக்கு 29 வயது, ரீச்சர். ஒரு கண் மங்கியதில் தொடங்கி, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் என்று சொல்லிவிட்டார்கள். மருந்து எடுக்கிறாள். இந்தப் பங்குனி வெயிலில் பள்ளிக்கூடத்தால் வரும்போது கால் தள்ளாடுகிறது, பார்வையும் மங்குகிறது. நோய் முற்றுகிறதா? எவ்வளவு காலம் இருப்பாள்? கலியாணம் பேசலாமா?

பதில்: எவ்வளவு காலம் இருப்பாள் என்று நடுவில் மெல்லக் கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு முதலில் வருகிறேன். மேற்கு நோர்வேயில் எம்.எஸ். உள்ளவர்களை 60 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஏறத்தாழ 75 வயதைத் தாண்டினார்கள். மற்ற மக்களில் அந்தக் கணக்கு 82. ஏழு வருட வித்தியாசம். நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தே 1993 இல்தான் வந்தது. அந்த ஆய்வில் இருந்த பலர் அதற்கு முன்பே நோய்ப்பட்டவர்கள். உங்கள் தங்கச்சிக்கு அந்த இடைவெளி இன்னும் சிறிதாகும் என்றே நம்புகிறேன். சுகமாக இருக்கிறது என்று மருந்தை மட்டும் நிறுத்த விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என் மனதில் தங்கியது அந்தப் பங்குனி வெயில்தான். இந்த நோயில் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை அங்கங்கே சிதைந்திருக்கும். உடற்சூடு அரைப் பாகை கூடினாலே அந்த இடங்களில் நரம்புச் செய்தி தடைப்பட்டுவிடும். உடல் குளிர்ந்ததும் பழையபடி ஓடும். ஊத்தோஃப் விளைவு என்று இதற்குப் பெயர். இதனால் நரம்புக்குப் புதிய சேதம் ஏதும் வராது. எங்கள் வீடுகளில் இது தெரியாமல், தள்ளாடுகிறாளே என்று பிள்ளையைப் படுக்க வைத்துவிடுகிறோம். அப்புறம் கால் தசை மெலிகிறது, வேலை போகிறது, வெளியே போவதும் நின்றுவிடுகிறது. நோய் பறிக்காததை நாங்களே பறிப்பதாகத்தான் இதைப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் நன்றாக அள்ளிக் குளிக்கட்டும். குளிக்க வசதியில்லாத இடத்தில் நனைத்த துவாய் ஒன்று கழுத்தில் கிடந்தாலே போதும். அதிபருடன் கதைத்துப் பாடங்களை முடிந்தவரை காலையில் வாங்குங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கும் போகட்டும், ஆனால் விடியற்காலையில். வெயில் தாழ்ந்தபின் தினமும் நடக்க வேண்டும். காய்ச்சலும் இதே தள்ளாட்டத்தைக் கொண்டுவரும், அதை உடனே குறையுங்கள். காய்ச்சலோ வெக்கையோ இல்லாமல் புதிய குறை ஒன்று வந்து 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால், அதைத் தாக்குதல் என்று எடுத்து அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

பள்ளிக்கூடக் கழிப்பறைக்குக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாளா என்றும் கேளுங்கள். இந்த நோயில் ஆயுளைக் குறைப்பவற்றில் சலத்தில் (சிறுநீரில்) வரும் கிருமியும் நிமோனியாவும் முக்கியமானவை.

கலியாணம் தாராளமாகப் பேசுங்கள், நோயை மறைக்காமல் பேசுங்கள். பிள்ளை பெற இது தடையில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாக்குதல் குறையும், பிள்ளை பிறந்தபின் மூன்று மாதம் கூடும். சில மருந்துகளைக் கருத்தரிக்க முன்பே மாற்ற வேண்டும் என்பதால், நாள் குறித்ததும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக்கில் இன்னொன்றும் கேளுங்கள்: அக்குவாபோரின்-4 இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா? என்.எம்.ஓ. (நியூரோமைலைட்டிஸ் ஒப்டிக்கா) என்ற வேறு நோயும் இப்படிக் கண்ணில் தொடங்கலாம், அதைப் பிரித்தறியத்தான் இந்தப் பரிசோதனை. எம்.எஸ். மருந்துகள் சில அதை மோசமாக்கும்.