கீமோதெரபிக்காகக் கோவை சென்றுவரும் இளம் தாய்க்கு ஊரார் எவ்வாறு உதவலாம்?

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டமும் இரு குழந்தைகளும் உள்ள தாய்க்கு மார்பகப் புற்றுநோய் என்றும், பணம் திரட்டுவதைத் தவிர ஊரார் வேறென்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைப்பதால், வருமானச் சான்று வாங்கி அட்டை எடுத்துத் தருவதே வசூலுக்கு முந்திய வேலை.

அடுத்தது பயணம். கீமோ பெரும்பாலும் 2 அல்லது 3 வாரங்களுக்கு ஒருமுறை நடக்கும். மருந்து ஏறிய உடம்போடு மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் வருவது கொடுமை என்பதால், வண்டி வைத்திருப்பவர்கள் முறைவைத்துக்கொள்ளட்டும். முன் இருக்கையும் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையும் அவருக்கு வேண்டும்.

கீமோவுக்குப் பின் ஒன்றிரண்டு வாரங்களில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அப்போது சளி, இருமலோடு நலம் விசாரிக்கப் போகாமலிருப்பதே பேருதவி (சொன்னால் சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்). காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அந்நேரத்தில் வண்டி எடுப்பவர் யார் என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள்.

தோட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். நாள் தள்ளிப்போனால் கொழுந்து முற்றி, விலை இறங்கிவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு காலை பறித்து, எடைச்சீட்டை அவர் பெயரிலேயே போட்டுக் கொடுத்தால், அவருக்கும் அது தர்மமாகத் தோன்றாது. என்ன தேவை என்று ஆளாளுக்கு அவரைக் கேட்காமல், அவருடைய தங்கையோ நாத்தனாரோ ஒருவர் மட்டும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும்.