புள்ளியும் கலோரியும் சேர்த்து எண்ணினால் எடை சீக்கிரம் குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 38, உயரம் 160 செ.மீ. ஐந்து மாதத்துக்கு முன் 83 கிலோ இருந்தேன். புள்ளி போட்டுச் சாப்பிடும் டயட் திட்டம் ஒன்றில் சேர்ந்தேன். நாளுக்கு 23 புள்ளி. பழம், காய், முட்டை, பயறு, கோழி நெஞ்சுக்கறி இவற்றுக்குப் புள்ளியே கிடையாது. மூன்று மாதத்தில் 78 கிலோவுக்கு வந்தேன். அதன் பிறகு இரண்டு மாதமாக எடை அசையவில்லை. கலோரியையும் எண்ணிப் பார் என்று தோழி சொன்னாள். ஒரு புள்ளி என்பது 50 கலோரி என்றும் சொன்னாள். 23 புள்ளி என்றால் 1150 கலோரிதானே என்று கலோரி ஆப்பில் 1200 என்று வைத்தேன். இப்போது புள்ளி சரியாக இருக்கும் நாளில் கலோரி தாண்டுகிறது, கலோரி சரியாக இருந்தால் புள்ளி தாண்டுகிறது. இரண்டுக்குள்ளும் அடங்க வேண்டும் என்று பழத்தையும் பயறையும் குறைத்துவிட்டேன். சாயங்காலம் தலை சுற்றுகிறது. சனி, ஞாயிறு வந்தால் கட்டுப்பாடு உடைந்துவிடுகிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன் டாக்டர்? இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

பதில்: தப்பு உங்கள் மன உறுதியில் இல்லை. அந்த 50 என்ற எண்ணில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நீங்கள் திட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் புள்ளி முறைகளில் உலகம் முழுக்கத் தெரிந்தது வெயிட் வாட்சர்ஸ். 1963-ல் நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் என்ற பெண்மணி தொடங்கியது. 1997-ல் அமெரிக்காவில் அவர்கள் கொண்டுவந்த முதல் புள்ளிக் கணக்கில், ஏறக்குறைய 50 கலோரிக்கு ஒரு புள்ளி என்பது உண்மைதான். கொழுப்பு கூடினால் புள்ளி கூடும், நார்ச்சத்து இருந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உங்கள் தோழி சொன்னது அந்தக் காலத்துக் கணக்கு. 2010-லும் 2015-லும் சூத்திரத்தையே மாற்றிவிட்டார்கள். 2015 முறையில் சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் புள்ளியை ஏற்றும், புரதம் இறக்கும். 200 கலோரி சாக்லேட்டும் 200 கலோரி கோழிக்கறியும் அதில் ஒன்றல்ல, சாக்லேட்டின் புள்ளி மூன்று மடங்குக்கும் மேலே போகும். 2017 கடைசியில் புள்ளியே இல்லாத உணவுப் பட்டியலை 200-க்கும் மேலாக விரித்தார்கள். முட்டை, மீன், பயறு எல்லாம் அதில் சேர்ந்தன.

ஆக, உங்கள் 23 புள்ளி ஒரு நாளின் முழுச் சாப்பாடு கிடையாது. புள்ளியில்லாத உணவுகளையும் நீங்கள் சாப்பிடுவீர்கள் என்று கணக்கில் வைத்துத்தான் 23 என்று கொடுத்திருக்கிறார்கள். அதை 50-ஆல் பெருக்கி 1150 ஆக்கி, அதற்குள் பழத்தையும் பயறையும் முட்டையையும் அடைத்தால், ஒரே பையில் இரண்டு நாள் சாமான் திணித்த கதைதான். தலை சுற்றாமல் என்ன செய்யும்?

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. எடை ஏன் நின்றது என்பதற்கான விடையும் அந்தப் புள்ளியில்லாத பட்டியலிலேயே இருக்கலாம். ஒரு நாளில் மூன்று முட்டை, இரண்டு வாழைப்பழம், வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 200 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப், ஒரு கை திராட்சை சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். புள்ளி பூஜ்யம். கலோரி ஏறக்குறைய 1100. இந்த உணவுகளில் ஒன்றுகூடக் கெட்டதில்லை, நானே சாப்பிடச் சொல்லும் உணவுகள்தான். பசி அடங்கும் அளவுக்கு மட்டும் சாப்பிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் புள்ளி போடாமல் விட்டார்கள். பலருக்கு அது பலிக்கிறது. ஆனால் டி.வி. பார்த்துக்கொண்டே ஒரு கிண்ணம் திராட்சை, தூக்கம் வராமல் ஒரு வாழைப்பழம் என்று போகும்போது, பசிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் அறுந்துவிடுகிறது. புள்ளி 23-லேயே நிற்கும், எடையும் 78-லேயே நிற்கும்.

இப்போது உங்கள் உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். 1990-ல் வந்த மிஃப்ளின் சூத்திரத்தைத்தான் பெரும்பாலும் நாங்கள் பயன்படுத்துகிறோம். எடையைப் பத்தால் பெருக்குங்கள்: 780. உயரத்தை ஆறேகாலால் பெருக்குங்கள்: 1000. இரண்டையும் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிய 190-ஐயும், பெண்களுக்கான 161-ஐயும் கழித்தால் 1429. படுத்தே இருந்தாலும் உங்கள் உடம்பு செலவு செய்வது ஏறக்குறைய இவ்வளவு. உட்கார்ந்து வேலை, கொஞ்சம் நடை, வீட்டு வேலை என்று வைத்து 1.4-ஆல் பெருக்கினால் 2000. 83 கிலோவில் இருந்தபோது இது 70 கலோரிதான் அதிகம். எடை குறைந்ததால் உடம்பின் எரிப்பு நின்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம். குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை.

2000-லிருந்து 500 குறைத்து 1500 என்பது உங்களுக்குத் தாங்கக்கூடிய அளவு. வாரம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும், போகப்போக வேகம் இன்னும் தணியும். நீங்கள் வைத்திருக்கும் 1200-ல் தினமும் 800 பள்ளம் விழுகிறது. 1944-45-ல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, அவர்களின் தேவையில் ஏறக்குறைய பாதியை மட்டும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்கு நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பே வந்தது. சமையல் குறிப்புப் புத்தகங்களை உட்கார்ந்து படித்தவர்களும் உண்டு. உங்கள் பள்ளம் அத்தனை ஆழமில்லை. ஆனால் ஐந்து நாள் இழுத்துப் பிடித்து சனிக்கிழமை உடைவதற்குக் காரணம் இதே பசிதான். தயவுசெய்து உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

சரி, இரண்டையும் சேர்க்கலாமா? இரண்டையும் தினசரி உச்சவரம்பாக வைக்காதீர்கள். இரண்டும் அனுமதிக்கும் உணவு மட்டும்தான் தட்டில் வரும் என்றால், மிஞ்சுவது மெல்லிய ஒரு துண்டு. பயறும் பழமும் கலோரியில் அடிபடும், ஒரு சின்னத் துண்டு கேக் புள்ளியில் அடிபடும். எந்த நாளும் ஏதோ ஒன்றில் தோல்வி என்று ஆப் சிவப்பில் காட்டும். தினமும் தோற்கிறவர் எத்தனை நாள் விளையாடுவார்? என்னிடம் வருபவர்களில் இரண்டு ஆப்பும் வைத்திருப்பவர்கள் சில வாரங்களிலேயே இரண்டையும் மூடிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். ஏனென்றால் எழுதி வைப்பது என்ற பழக்கம் எடை குறைப்பதில் மிக உதவியானது. எதை எழுதுகிறோம் என்பதைவிட, விடாமல் எழுதுவது முக்கியம்.

என் யோசனை இது. புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஐந்து கிலோ குறைத்தது அதுதான். கலோரியை இரண்டு வாரத்துக்கு மட்டும், தணிக்கை மாதிரிச் செய்யுங்கள். அந்த 14 நாளும் எதையும் குறைக்க வேண்டாம். பழத்தையும் பயறையும் திரும்பச் சேர்த்து, புள்ளிப்படி சாப்பிட்டு, புள்ளியில்லாததையும் சேர்த்து எல்லாவற்றையும் கலோரி ஆப்பில் பதியுங்கள். ஆப்பின் 1200 இலக்கைக் கண்ணில் படாமல் அணைத்துவிடுங்கள். கடைசியில் 14 நாளின் சராசரியைப் பாருங்கள். 1900-க்குப் பக்கம் வந்தால், எது கசிகிறது என்று பட்டியலே சொல்லும். அந்த இரண்டு மூன்று இடங்களை மட்டும் சரி செய்துவிட்டு, கலோரி ஆப்பை மூடிவிட்டு, புள்ளிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் வீட்டுச் சமையல், எண்ணிக்கையில் குழப்பமில்லை என்பவர்கள் புள்ளியை விட்டுவிட்டுக் கலோரியை மட்டும் எண்ணினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்று போதும் என்பதுதான் விஷயம்.

அந்த இரண்டு வாரமும் ஒரு கிச்சன் தராசு பக்கத்தில் இருக்கட்டும். குறிப்பாக எண்ணெய்க்கு. ஸ்பூன் கணக்கை நம்பாதீர்கள். சமைக்கும் முன் எண்ணெய் பாட்டிலைத் தராசில் வையுங்கள், ஊற்றிய பிறகு மறுபடி வையுங்கள். குறைந்த கிராமை ஒன்பதால் பெருக்கினால் கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம், 120 கலோரிக்கு மேல். வாணலியைச் சுற்றி ஒரு சுழற்று சுழற்றினால் 30 கிராம் சாதாரணமாக இறங்கிவிடும், அதை "ஒரு ஸ்பூன்" என்றுதான் கை எழுதும். 1992-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 1200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை என்றவர்களை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கண்ணளவு எல்லோரையும் ஏமாற்றும், சத்துணவு படித்தவர்களையும்கூட.

அதே சமயம் கலோரி எண் என்பது கல்வெட்டும் இல்லை. பாதாம் பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 28 கிராமுக்கு 170 கலோரி அளவில் என்று கணக்கில் போடுவார்கள். 2012-ல் வந்த ஆய்வில் உடம்பு அதிலிருந்து உண்மையில் எடுத்துக்கொண்டது 129 தான், மீதி செரிக்காமல் வெளியேறிவிடுகிறது. அதனால் 1500-ஐ 1480, 1530 என்று துல்லியமாகத் துரத்த வேண்டாம். வாரச் சராசரி சுற்றுவட்டத்தில் இருந்தால் போதும்.

நடைப்பயிற்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு ஆப் வைத்திருப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் அது. முக்கால் மணி நேரம் நடந்தால் உங்கள் எடைக்கு ஏறக்குறைய 200 கலோரி என்று ஒரு ஆப் காட்டும், இன்னொன்று நடைக்குக் கூடுதல் புள்ளி தரும். அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே 60 கலோரி போயிருக்கும், ஆகவே நிகரம் 140 தான். அந்த ஒரே நடைக்கு இரண்டு இடத்திலும் சலுகை எடுத்துச் சாப்பிட்டுவிட்டால் நடந்ததற்குப் பலன் எடையில் தெரியாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணும் அப்படித்தான். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இருப்பதிலேயே நன்றாகக் காட்டிய கருவிகூடக் கலோரியில் சராசரி 27 சதவீதம் தவறியது. நடையைத் தொடருங்கள், அதற்காகத் தனியாகச் சாப்பிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 83-ல் ஐந்து கிலோ என்பது 6 சதவீதம். ஐந்து சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சொன்னபடி கேட்க ஆரம்பிக்கும். அதைத் தாண்டிவிட்டீர்கள், இரண்டு மாதம் திரும்ப ஏறவிடாமலும் வைத்திருக்கிறீர்கள். முதல் மாதம் சரசரவென்று இறங்கியதில் ஒரு பங்கு தண்ணீர். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒரு கிராமோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும், சாப்பாடு குறைந்ததும் இரண்டும் சேர்ந்து போகும். அந்த வேகத்தை மறுபடி எதிர்பார்க்க வேண்டாம். மாதவிடாய்க்கு முன்னும் ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் ஏறி இறங்கும், ஆகையால் இந்த மாதத்து எடையைப் போன மாதம் அதே நாட்களில் இருந்த எடையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

தலைசுற்றலைச் சும்மா விடக்கூடாது. 1500-க்கு வந்து ஒரு வாரம் ஆகியும் நிற்கவில்லை என்றால், பக்கத்தில் உள்ள மருத்துவரிடம் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு நான்கையும் பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், இப்போதே போங்கள். எடை குறைந்தால் மாத்திரை அளவும் குறைக்க வேண்டி வரும். இன்சுலின் போடுபவர்களும், சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இந்தக் கணக்குகள் பொருந்தாது. முன்பு எப்போதாவது சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பட்டினி கிடந்து அப்புறம் அளவில்லாமல் சாப்பிடுவது என்ற பிரச்சினை இருந்திருந்தால், எண்ணுவதையே நிறுத்திவிட்டு எனக்கு அதைத் தனியாக எழுதுங்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது.

அடுத்த முறை எழுதும்போது ஒரு நாள் எடையை அனுப்பாதீர்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடுத்த 14 நாள் எடையையும், அந்த 14 நாளில் புள்ளியில்லாத உணவு மட்டும் எத்தனை கலோரி வந்தது என்பதையும், எண்ணெய் பாட்டில் எத்தனை கிராம் இறங்கியது என்பதையும் எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.