கொடிக்குப் பின்னால் பெய்ஜிங்

கேள்வி: எனக்கு 57 வயது, கணவருக்கு 62. ஒரு டிராவல்ஸ் மூலம் 30 பேர் குழுவோடு பெய்ஜிங் போகலாம் என்றிருக்கிறோம், 5 இரவு 6 பகல். அக்டோபர் 2, அக்டோபர் 18 என்று இரண்டு தேதி சொல்கிறார்கள். எனக்கு இடது முழங்கால் தேய்மானம். இருவருமே சைவம், முட்டை மட்டும் அவர் சாப்பிடுவார். அவருக்கோ ஒரு இடம் விடாமல் பார்த்தாக வேண்டும். கொடி பிடித்த கைடின் பின்னால் ஓடியே பொழுது போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பணம் கட்டும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத கோவை வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, 2-ஆம் தேதியை மறந்துவிடுங்கள். அக்டோபர் 1 சீனாவின் தேசிய தினம். அதையொட்டி ஒரு வாரம் நாடே விடுமுறையில் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். நம் பூஜை விடுமுறையும் பல வருடங்களில் அந்தப் பக்கமே வருவதால் இங்கே அந்தத் தேதி சுலபமாக விற்றுப்போகிறது. போனால் பெருஞ்சுவரில் கல்லைப் பார்க்க முடியாது, முன்னால் போகிறவரின் முதுகுப்பையைத்தான் பார்க்கலாம். 18-ஆம் தேதி நல்ல தேர்வு. பகல் இதமாக இருக்கும். இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கலாம், அதனால் ஸ்வெட்டரோடு காற்றுப் புகாத ஜாக்கெட்டும் வேண்டும்.

அடுத்து, டிராவல்ஸ் கொடுத்த பயணத் திட்டத் தாள். அதில் இடங்களின் பெயரைவிட அவற்றின் பக்கத்தில் போட்டிருக்கும் சொல் முக்கியம். 'நுழைவுச் சீட்டுடன்' என்றிருந்தால் உள்ளே போவீர்கள். 'கண்டு களிக்கலாம்', 'வெளியிலிருந்து பார்வை', 'வழியில்' என்றிருந்தால் பஸ் ஜன்னலோடு சரி. பறவைக்கூடு ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு அப்படி எழுதியிருந்தால் நஷ்டமில்லை, அது வெளியிலிருந்து பார்க்கத்தான் அழகு. அரண்மனைக்கோ பெருஞ்சுவருக்கோ அந்தச் சொல் இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெருஞ்சுவர் என்று மட்டும் எழுதியிருந்தாலும் போதாது. எந்தப் பகுதி என்று கேளுங்கள், உங்கள் முழங்காலுக்கு இதுதான் முதல் கேள்வி. நகரத்திலிருந்து போகக்கூடியவற்றில் ஜுயொங்குவான் பக்கத்தில் இருப்பது, நேரமும் டீசலும் மிச்சமாகும் என்பதால் விலை குறைந்த பேக்கேஜ்களில் அடிக்கடி வரும். அங்கே ரோப் கார் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே செங்குத்தான படி. பாதாலிங்கில் ரோப் கார் உண்டு, கூட்டமும் அங்கேதான் அதிகம். உங்களுக்கு ஏற்றது சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள முதியான்யு.

முதியான்யுவில் மேலே போக இரண்டு வழி. மூடிய பெட்டியாக வரும் ரோப் கார் 14-ஆம் எண் காவல் கோபுரத்தில் இறக்கிவிடும். கால் தொங்கவிட்டு உட்காரும் நாற்காலி வண்டி 6-ஆம் கோபுரத்துக்குப் போகும், அங்கிருந்து சறுக்கு வண்டியில் கீழே வரலாம். இரண்டையும் நடத்துபவர்கள் வேறு வேறு. ஒன்றில் போகவர டிக்கெட் எடுத்துவிட்டு மற்றதில் இறங்க முடியாது. இது தெரியாமல் மேலே நின்று தகராறு செய்பவர்கள் ஏராளம். நீங்கள் மூடிய ரோப் காரில் போகவர டிக்கெட் எடுங்கள். 14-லிருந்து எண் குறையும் பக்கமாக நடந்தால் ஏற்ற இறக்கம் ஓரளவு மிதமாக இருக்கும். 20-ஆம் கோபுரத்துப் பக்கம் உயிரை வாங்கும் ஏற்றம், அதை உங்கள் கணவருக்கு விட்டுவிடுங்கள். பழனிப் படிபோல ஒரே உயரத்தில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு படி சாண் உயரம், அடுத்தது முழங்கால் வரை வரும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் முட்டி கெஞ்சும். மடக்குத் தடி ஒன்று எடுத்துப் போங்கள், பக்கவாட்டில் திரும்பி ஒரு கால் வைத்து மறு கால் சேர்த்து இறங்குங்கள். பலத்த காற்று வீசினால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் என்ன மாற்று, ரோப் கார் கட்டணம் பேக்கேஜில் உண்டா, இரண்டு வழிக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

'தடைசெய்யப்பட்ட நகரம்' என்கிற அரண்மனை திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும், உங்கள் திட்டத்தில் அது எந்தக் கிழமை என்று பாருங்கள். டிக்கெட்டை முன்பதிவில்தான் வாங்க முடியும், பாஸ்போர்ட் எண்ணோடு. எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் வாசலில் நிற்க வேண்டிவரும். அன்று ஜெராக்ஸ் போதாது, அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

உள்ளே நடை தெற்கிலிருந்து வடக்கே ஒரே போக்கு. அரண்மனையின் நீளம் மட்டும் 961 மீட்டர். அதற்கு முன்னால் தியானன்மென் சதுக்கம், சோதனை வரிசை, பின்னால் பஸ் நிற்கும் இடம்வரை நடை எல்லாம் சேர்த்தால் 3 கிலோமீட்டருக்குக் குறையாது. பல வாசல்களில் உயரமான நிலைப்படியைத் தாண்ட வேண்டும். நடு அச்சிலேயே குழு போய்க்கொண்டிருக்கும். குழுவைத் தவறவிட்டால் திரும்பி வந்து தேடாதீர்கள். வடக்கு வாசலுக்குப் போய் நின்றுவிடுங்கள், நடு அச்சில் போகும் குழுக்கள் பொதுவாக அந்த வழியாகத்தான் வெளியே வரும். இதை முன்கூட்டியே கைடிடம் பேசி வைத்துக்கொண்டால் அவருக்கும் நிம்மதி. அந்த வாசலுக்கு எதிரே ஜிங்ஷான் குன்று, அரண்மனை அகழி தோண்டிய மண்ணால் எழுப்பியது. அதன் உச்சியிலிருந்துதான் மஞ்சள் ஓட்டுக் கூரைகள் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். உங்கள் கணவர் ஏறி இறங்க முக்கால் மணி நேரம் கேட்டு வாங்குங்கள், நீங்கள் கீழே பூங்காவில் உட்காரலாம்.

ஷாப்பிங் நிறுத்தங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பச்சைக்கல் தொழிற்கூடம், பட்டு மெத்தை, முத்து, தேநீர், கால் பிடித்துவிடும் இடம் என்று வரும். கடைசியாகச் சொன்னதில் 'டாக்டர்' ஒருவர் நாடி பிடித்து ஏதாவது குறை சொல்லி மருந்து எழுதுவார், கையை நீட்டாதீர்கள். 2013 அக்டோபரில் அமலுக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டம் கட்டாய ஷாப்பிங்கைத் தடுக்கிறது. ஆனால் அந்த நிறுத்தங்கள் உள்ள தாளில் நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் பேச இடமிருக்காது. ஒன்றிரண்டு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நான்கு என்றால் பேக்கேஜ் ஏன் மலிவு என்று புரிந்துவிடும்.

உணவில் 'சைவம்' என்று பதிவு செய்தால் மட்டும் தீராது. வறுத்த பீன்ஸிலும் காரமான டோஃபுவிலும் கொத்துக்கறி தூவுவது அங்கே சாதாரணம். கீரையில் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். 'இறைச்சி, மீன், சிப்பிச் சாறு, பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம்' என்று சீன மொழியில் எழுதிய அட்டையை கைடிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடைமிளகாய் வதக்கிய 'தி சான் ஷியென்' வட சீனாவில் எங்கும் கிடைக்கும், சோற்றோடு ஒத்துப்போகும். அவருக்குத் தக்காளி முட்டை வதக்கல். அறையில் மின்கெட்டில் இருக்கும், ரெடிமிக்ஸ் உப்புமா, புளியோதரைப் பொடி எடுத்துப் போகலாம். பழம், காய்கறி, பால் பொருட்களைப் பையில் வைக்காதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

ஃபோன் வேலையை இங்கேயே முடிக்க வேண்டும். கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் மூன்றும் ஹோட்டல் வைஃபையில் வராது. இந்திய சிம்மில் ரோமிங் பேக் போட்டால் வாட்ஸ்அப் வழக்கம்போல ஓடும், ஒருவர் போட்டாலே போதும். சீனாவில் கடைகளில் பணம் கட்ட உதவும் அலிபே செயலியை இங்கேயே இறக்கி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றை இணையுங்கள். ஓடிபி வர வேண்டுமே! வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் திறந்துவிடுங்கள், பலர் மறப்பது இதைத்தான். வெளிநாட்டுக் கார்டில் ஒரு முறைக்கு 200 யுவானைத் தாண்டினால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். நம் ஜிபே, ஃபோன்பேயை நம்பிக் கிளம்ப வேண்டாம். சில்லறை நோட்டாக ஆளுக்கு 500 யுவான் கையில் இருக்கட்டும். பொதுக் கழிப்பறைகளில் தண்ணீர்க் குழாய், டிஷ்யூ இரண்டையும் எதிர்பார்க்காதீர்கள். பல இடங்களில் தரைக் கழிப்பறைதான் என்பதால் முழங்காலுக்காக ஹோட்டலிலேயே முடித்துக் கிளம்புவது உத்தமம்.

விசா தனியா, குழு விசாவா என்றும் கேளுங்கள். குழு விசா என்றால் எல்லாரும் ஒன்றாக நுழைந்து ஒன்றாகவே வெளியேற வேண்டும். நடுவில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போய்த் தனியாகத் திரும்ப வேண்டியிருந்தால் அலைச்சல் அதிகம். உங்கள் வயதுக்குத் தனி விசாவே மேல். மாத்திரைகளை அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜுக்காக டிராவல்ஸ் முன்கூட்டியே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரியான டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், யாருடைய பான் எண்ணில் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டு வாங்குங்கள்: குழு ஷாப்பிங் போகும் ஒரு காலைப் பொழுது உங்களுக்குத் தனியாக. மெட்ரோ 5-ஆம் பாதையில் தியான்தான் கிழக்கு வாசல் நிலையத்தில் இறங்கினால் சொர்க்கக் கோயில் பூங்கா. காலை 8 மணிக்கு உள்ளூர்ப் பெரியவர்கள் நீண்ட தாழ்வாரத்தில் சீட்டாடிக்கொண்டும் இறகுப் பந்தைக் காலால் தட்டிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருப்பார்கள். பெரிய ஏற்றமில்லை, உட்கார இடமுண்டு, யாரும் கொடி காட்டிக் கூப்பிடமாட்டார்கள். கடைத்தெருப் பக்கம் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்து 'வாருங்கள், தேநீர் குடிக்கலாம்' என்று அழைப்பவர்களோடு மட்டும் போகாதீர்கள், பில் ஆயிரக்கணக்கில் வரும். திரும்புவதற்கு ஹோட்டல் முகவரி சீன எழுத்தில் உள்ள அட்டை இருவர் பையிலும் ஆளுக்கொன்று இருக்கட்டும்.