அம்மா டிக் அடித்தால் குடும்பம் பேசியதாகுமா? கேள்வி பதில்

ஆறு வயதுக்குட்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகள் இருக்கும் வீடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஆய்வு செய்வது பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். பன்னிரண்டு வருடம் சிறப்பாசிரியை, அப்புறம் ஆய்வுக்கு வந்தவள் நான். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்வி. அதற்கும் வருகிறேன்.

எம்.எட். மாணவி, பாளையங்கோட்டை: மேடம், எந்தக் கேள்வித்தாளை எடுப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகளை எடுக்கச் சொல்கிறார் என் கைடு.

அது தனி ஆளுக்கானது. உடம்பு, மனசு, சுற்றம், சூழல் என்று அந்த ஒருவரைப் பற்றியே கேட்கும். அம்மாவிடம் கொடுத்தால் அம்மாவின் நிலை தெரியும், வீட்டின் நிலை தெரியாது. குடும்பத்தை அளக்கவென்றே உருவானவற்றில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, கன்சாஸ் பல்கலைக்கழக பீச் மையத்துடையது. 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு திருப்தி என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஐந்து பகுதிகள்: குடும்பத்தாருக்குள் ஒட்டுறவு, பிள்ளை வளர்ப்பு, மனநலம், உடல்நலமும் பொருள் வசதியும், குறைபாடு சார்ந்த உதவிகள். மற்றொன்று எஃப்.க்யூ.ஓ.எல்.எஸ் (குடும்ப வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள்) என்பதன் 2006 பதிப்பு. ஒன்பது பகுதிகள், ஒவ்வொன்றையும் முக்கியத்துவம், வாய்ப்பு, முயற்சி, கிடைத்தது, இனி மாறுமா, திருப்தி என்று ஆறு பக்கமிருந்து கேட்கும். ஆழமானது, ஆனால் நீளம். பாதியில் குழந்தை அழும், அடுப்பில் பால் பொங்கும். எம்.எட்.டுக்கு முதலாவது போதும்.

எதை எடுத்தாலும் ஒன்று: ஒருவர் பதிலைக் குடும்பத்தின் பதில் என்று எழுதாதீர்கள். ஒரு வீட்டில் அம்மா எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மாமியார் ரேஷன் கடைக்குக் கிளம்பியதும், அம்மா "டீச்சர், அந்தப் பேப்பரை இப்படிக் கொடுங்க" என்று வாங்கி, மூன்று இடத்தில் ஐந்தை அடித்து இரண்டாக்கினார். அப்பா டூட்டியில். இதில் எந்த எண் "குடும்பம்"?

பிசியோதெரபிஸ்ட், மதுரை: இந்தக் கேள்வித்தாள் தமிழில் பிடிஎஃப்பாக இருக்குமா?

உருவாக்கியவர்களிடம் அனுமதி வாங்குங்கள். ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிடுங்கள். அப்புறம் பத்து அம்மாக்களிடம் வாசித்துக் காட்டுங்கள். சிக்கல் அங்கேதான் தெரியும்.

"வாழ்க்கைத் தரம் பற்றிப் பேச வந்திருக்கேன்" என்றதும் ஒரு பாட்டி உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்துவந்தார். நம் காதில் அந்தச் சொல் வசதியைத்தான் குறிக்கிறது. நான் இப்போது "வீட்ல எல்லாரோட வாழ்க்கையும் எப்படிப் போகுது" என்றுதான் தொடங்குகிறேன்.

"திருப்தி" அதைவிட மோசம். "இருக்கறத வச்சுத் திருப்திதான்" என்பார்கள். அது திருப்தியா, சகிப்பா? "பரவாயில்ல" என்றால் மூன்றா நான்கா? சொல்கிற குரலைப் பொறுத்தது. போக்குவரத்து வசதி பற்றிய கேள்விக்கு ஓர் அம்மா நான்கு போட்டார். கட்டணமில்லா பஸ் இருக்கிறதே, குறை சொன்னால் நன்றாயிருக்குமா என்று. ஐந்து வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கூட்டம் குறைந்த பஸ் வரும்வரை நிற்பது அந்த நான்கில் இல்லை. அதனால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும், "ஏன் இந்த நம்பர்?" என்று கேட்டு, பதிலை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள்.

ஓர் அம்மா, விழுப்புரம்: மகனுக்கு மூன்று வயது, பேச்சு வரவில்லை. ஆட்டிசமா?

இங்கே யாரும் சொல்ல முடியாதும்மா, நானும் சொல்லக் கூடாது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் டிஇஐசி (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டு உதவும் மையம்) எங்கே என்று கேட்டு, இந்த வாரமே போங்கள். காது கேட்கும் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்பவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆய்வு மாணவர், சேலம்: எத்தனை குடும்பம் போதும் மேடம்? தமிழ் பிடிஎஃப் கிடைக்குமா?

எண்ணிக்கை உங்கள் ஆய்வுக் கேள்வியையும், எத்தனை பிரிவுகளை ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. அதை முதலில் எழுதுங்கள். பிடிஎஃப்: மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

ஓர் அப்பா, தென்காசிப் பக்கம்: நாலு வருஷத்துல ஆறு பேர் வந்து எழுதிட்டுப் போனாங்க. ஒருத்தரும் திரும்பி வரல. எங்க வாழ்க்கை எப்படின்னு கேக்குறதுக்கு முன்னாடி, என் பொண்ணு காலுக்கு ஸ்பிளின்ட், அதான் காலைத் தாங்கிப் பிடிக்கிற பட்டை, எங்க கிடைக்கும்னு சொல்லுங்க.

புள்ளியியல் ஆசிரியர், கோவை: வருத்தம் புரிகிறது. ஆனால் தகவல் சேகரிக்க வந்தவரே உதவவும் தொடங்கினால் பதில் வளையும். அவர் மனம் கோணக்கூடாது என்று அடுத்த முறை மதிப்பெண் ஏறும்.

தென்காசி அப்பா: அப்போ நான் கேட்டா காதுல விழாத மாதிரி போயிடுவீங்களா சார்?

கோவை ஆசிரியர்: ஆய்வு முடிந்தபின் தாராளமாகச் சொல்லலாம்.

தென்காசி அப்பா: முடிஞ்சப்புறம்னா எப்போ? புள்ள காலு வளந்துக்கிட்டே இருக்கு.

நான் குறுக்கிடுகிறேன். சார், பதில் வளையும் என்பது உண்மை. ஆனால் வளையாத பதிலுக்காக ஒரு குழந்தையின் கால் வளைய வேண்டுமா? முதல் சந்திப்பில் கேள்விகள் முடிந்ததும், எல்லா வீட்டுக்கும் ஒரே தகவல் தாளைக் கொடுங்கள், ஒப்பீட்டுக் குழுவுக்கும் சேர்த்து. கொடுத்ததை ஆய்வு முறையில் எழுதிவிடுங்கள். ஆய்வின்போது தெரியவரும் வேறு தேவைகளுக்கு உதவுவது பற்றி ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகளே பேசுகின்றன.

அண்ணா, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள், யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள) அட்டை நகலோடு. ஆய்க்குடி அமர் சேவா சங்கம் உங்களுக்குப் பக்கம்தான், அங்கேயும் கேளுங்கள். அளவெடுக்கும்போது பாப்பாவைக் கூட்டிப் போங்கள், பழைய ஸ்பிளின்ட்டைக் கொண்டுபோய் அதே அளவில் செய்ய விடாதீர்கள். அந்த ஆறு பேரைப் போல நானும் ஒருத்திதான். என் முதல் ஆய்வில் நாற்பது வீடு. பைண்டிங் முடிந்தது, பட்டம் வந்தது, ஒரு வீட்டுக்கும் திரும்பிப் போகவில்லை. அதற்குச் சாக்கு எதுவும் என்னிடம் இல்லை.

கோவை ஆசிரியர்: எல்லா வீட்டுக்கும் ஒரே தாள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். மறுமுறை வேறு ஆள் போய்க் கேட்கட்டும்.

நல்ல யோசனை சார், எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வு மாணவி, திருச்சி: யூடிஐடி எண்களைக் குறித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். உங்கள் கேள்விக்கு அது எதற்கு? வரிசை எண் போடுங்கள்.

எம்.ஃபில். முடித்தவர், வேலூர்: பிடிஎஃப்...

மேலே. மேலே. மேலே.

சமூகப்பணி மாணவி, நாகர்கோவில்: அப்பாக்களை எப்படிப் பிடிப்பது? "அவகிட்டயே கேளுங்க" என்று நழுவுகிறார்கள்.

ஞாயிறு காலை போங்கள். கறிக்கடையிலிருந்து வந்து பேப்பரை விரிக்கும் நேரம். "உங்க மனைவி சொல்லிட்டாங்க, உங்ககிட்ட தனியா பத்து நிமிஷம்" என்று கேளுங்கள். மனைவியின் தாளைக் காட்டாதீர்கள், அவர் கேட்டாலும். நான்கு போட்ட அந்த அம்மாவின் கணவர், போக்குவரத்துக்கு ஒன்று போட்டார். பையனுக்கு ஜுரம் வருகிற ராத்திரிகளில் ஆட்டோவுக்குக் கடன் வாங்குவது அவர்தான். இரண்டு எண்களையும் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள், அருகருகே எழுதுங்கள்.